சால்வர் சொன்னபடி முதலீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எந்தப் பங்கில் எவ்வளவு பணம் போடுவது என்று பொருளாதார அறிஞர் ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952-ல் எழுதிய கணக்கை இன்று எக்செல்லில் உள்ள சால்வர் என்ற கருவியிலேயே போட்டுவிடலாம். எதிர்பார்க்கும் வருமானம், ஏற்ற இறக்கம், பங்குகளுக்கிடையே உள்ள தொடர்பு ஆகியவற்றைக் கொடுத்தால் எதில் எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடும். வம்பே நாம் கொடுக்கும் எண்களில்தான்.

பலரும் கடந்த ஐந்து வருடச் சராசரி வருமானத்தை அப்படியே உள்ளிடுகிறார்கள். திட்ட விலக்கம் (ஏற்ற இறக்கத்தின் அளவு) ஆண்டுக்கு 20% உள்ள பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 25 வருடத் தரவு இருந்தாலும் சராசரியின் பிழை, 20-ஐ 25-இன் வர்க்கமூலமான 5-ஆல் வகுத்தால் வரும் 4%. சராசரி 12% என்று வந்தால், இருபுறமும் அந்தப் பிழையின் இரண்டு மடங்கு விட்டுப் பார்த்தால், உண்மை 4 முதல் 20 வரை எங்கேயும் இருக்கலாம். ஐந்து வருடத் தரவில் பிழை 9%-ஐத் தொடும். சால்வருக்கு இதெல்லாம் தெரியாது. 12-ஐவிட 13 பெரிது, அவ்வளவுதான். பணத்தை அதில் கொட்டிவிடும். அதிர்ஷ்டத்தில் ஏறிய பங்குதான் பெரும்பாலும் முதலில் வந்து நிற்கும். மதிப்பீடுகளை எல்லாப் பங்குகளின் பொதுச் சராசரியை நோக்கி இழுத்துவிடுங்கள், ஒரு பங்குக்கு இத்தனை சதவீதம்தான் என்று வரம்பும் வையுங்கள். டெமிகெல், கார்லாப்பி, உப்பல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2009-ல், பணத்தைப் பிரிக்கும் 14 மாடல்களைச் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் சமமாகப் பிரித்துப் போடும் முறையை அவற்றில் எதுவும் தொடர்ந்து வெல்லவில்லை!

தொடர்பு எண்களும் லேசுப்பட்டவை அல்ல. 50 பங்குக்கு, ஒவ்வொன்றின் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து, 1,275 எண்களை மதிப்பிட வேண்டும். 60 மாதத் தரவு அதற்குப் போதாது. இந்த எண்களையும் எளிய ஓர் அமைப்பை நோக்கி இழுக்கும் லெடாய்ட்-வுல்ஃப் முறை கொஞ்சம் கைகொடுக்கும்.

அப்புறம், மாதாமாதம் புதிதாகக் கணக்குப் போட்டு, வந்த விடைக்கெல்லாம் வாங்கி விற்பது. இந்தியாவில் பட்டியலிட்ட பங்கை 12 மாதத்துக்குள் விற்றால் லாபத்தில் 20% வரி. அதைத் தாண்டி விற்றால், ஆண்டு லாபத்தில் 1.25 லட்சத்துக்கு மேல் உள்ள பகுதிக்கு மட்டும் 12.5%. பதினோராவது மாதத்தில் அரை சதவீத ஆதாயத்துக்காக விற்கச் சொல்லும் கணக்கு யாருக்கு வேண்டும்? வரி, தரகு, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி எல்லாவற்றையும் கணக்குக்குள்ளேயே சேருங்கள். இலக்கிலிருந்து சில சதவீதம் விலகும்வரை கைவைக்காதீர்கள்.

பழைய தரவில் ஓட்டிப் பார்க்கும்போது இன்றைய நிஃப்டி 50 (50 பெரிய பங்குகளின் குறியீடு) பட்டியலை எடுத்துப் பத்து வருடம் பின்னால் போவதும் சகஜம். 2020 மார்ச்சில் வெளியேறிய யெஸ் பேங்க் அதில் இருக்காது. விழுந்தவை இல்லாத பட்டியலில் எந்த மாடலும் ஜெயிக்கும். அந்தந்தத் தேதியில் இருந்த பட்டியலைத் தேடி எடுத்து ஓட்டுங்கள்.