ஜெர்மனிக்குப் படிக்க வந்தாயிற்றா? முதலில் தபால் பெட்டியைப் பாருங்கள்

அறைச் சாவி கைக்கு வந்ததும் பெட்டியைப் பிரிக்க உட்காராதீர்கள். கீழே போய், உங்கள் தபால் பெட்டியில் பெயரை ஒட்டிவிட்டு வாருங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று எது இருக்கிறதோ, அதே எழுத்துகளில். நம் ஆட்களுக்கு அது பெரும்பாலும் அப்பா பெயர். பரவாயில்லை, இனி எல்லா அலுவலகத்திலும் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள், நீங்கள் எழுந்து போக வேண்டும். வங்கி அட்டை ஒரு கவரில், அதன் ரகசிய எண் வேறொரு கவரில், வரி எண், இன்சூரன்ஸ் அட்டை என்று எல்லாமே இங்கே தபாலில்தான் வரும். பெட்டியில் பெயர் இல்லையென்றால் வந்த வழியே திரும்பிவிடும்.

அடுத்தது அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. குடிவந்த 2 வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்பது சட்டம். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினால் போதாது. நீங்கள் குடிவந்ததாக வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுத் தரும் தனிப் படிவம் வேண்டும். சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பெரிய நகரங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாடு. காலையில் ரத்தாகும் இடங்கள் இணையதளத்தில் திறக்கும், அப்போது பிடிக்கலாம்.

பணம். விசாவுக்காக ப்ளாக்ட் அக்கவுன்ட்டில் போட்ட 11,904 யூரோ உங்களுடையதுதான், ஆனால் மாதம் 992 யூரோ வீதம்தான் வெளியே வரும். அதுவும் இங்கே சாதாரணக் கணக்கு திறந்த பிறகு. இதற்கு நடுவில் வீட்டு அட்வான்ஸ் கேட்பார்கள். சட்டப்படி 3 மாத அடிப்படை வாடகை (ஹீட்டிங், தண்ணீர்ச் செலவு சேராதது) வரை கேட்கலாம். ஆகவே முதல் மாதத்துக்கான பணம் தனியாகக் கையில் இருக்கட்டும்.

பதிவு முடிந்த சில வாரத்தில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். எங்களிடம் டிவியே இல்லையே என்று தூக்கிப் போடாதீர்கள். டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. கூட இருப்பவர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணை எழுதிப் பதில் போட்டுவிட்டு, தொகையைப் பங்கு பிரித்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் அலைச்சல், அவ்வளவுதான். உண்மையில் ஆளை உருட்டுவது படிப்பு நடக்கும் விதம். இன்டர்னல் மார்க் பெரும்பாலும் கிடையாது, பல பாடங்களில் வருகைப் பதிவும் கிடையாது. அக்டோபர் முதல் யாரும் உங்களை எதுவும் கேட்க மாட்டார்கள். பிப்ரவரியில் ஒரே தேர்வு, அதில் மொத்த மதிப்பெண்ணும். பாடத்தில் சேர்ந்திருப்பது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. அதற்குத் தனிக் கெடு உண்டு. தவறினால் அந்தப் பருவத்தில் எழுத முடியாது. பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தால் பல இடங்களில் 5.0, அதாவது ஃபெயில். இங்கே 1.0தான் உச்சம், 4.0 வரை பாஸ். ஊரில் அரியர் வைப்பது மாதிரி எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் மூன்று முறைதான். அதற்கு மேல் போனால் படிப்பே கையைவிட்டுப் போகும். உங்கள் துறையின் தேர்வு விதிகளை முதல் வாரமே படித்துவிடுங்கள். ஜெர்மனில் இருந்தாலும் மொழிபெயர்த்தாவது படியுங்கள்.

பழைய வினாத்தாள் வேண்டுமென்றால் ஃபாக்‌ஷாஃப்ட் என்கிற துறை மாணவர் குழுவிடம் போங்கள். சீனியர்கள் சேர்த்துவைத்த தாள்கள் அங்கே இருக்கும். பெரும்பாலும் ஒரு பழைய சோபாவும் காபி மெஷினும் உள்ள அறை அது. முதல் வாரம் புதியவர்களுக்கு நடத்தும் காலைச் சாப்பாட்டுக்கும் போய்விடுங்கள். நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழு அரிசி வாங்க உதவும், ஆனால் எந்தப் பேராசிரியர் எப்படிக் கேள்வி கேட்பார் என்பதை ஃபாக்‌ஷாஃப்ட் ஆட்கள்தான் சொல்வார்கள்.

தேர்வு முடிந்து மதிப்பெண் வந்தபின் ஐன்ஸிஷ்ட் என்று ஒரு நாள் வைப்பார்கள். திருத்திய தாளை உங்கள் கையில் கொடுப்பார்கள். பாஸ் ஆனாலும் போங்கள். கூட்டல் சரியா, ஏதாவது பக்கம் திருத்தாமல் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் அங்கேயே கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பகுதிநேர வேலையை முதல் பருவத்தில் தொடாதீர்கள் என்பது என் கட்சி. வெளி வேலைக்கு வருடம் 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி உண்டு. ஆனால் ஒரு பாடத்தில் நல்ல மதிப்பெண் வந்ததும் அந்தத் துறையிலேயே ஹிவி வேலை, அதாவது மாணவ உதவியாளர் வேலை, இருக்கிறதா என்று பேராசிரியரின் அலுவலகத்துக்கு ஒரு மெயில் போடுங்கள். அந்த வேலை இந்த 140 நாள் கணக்கில் வராது.