திருகோணமலையிலிருந்து ஜேர்மனிக்கு: மணமான இளம் சோடிகளுக்கான வழிகாட்டி

விமானச் சீட்டைப் பற்றி யோசிக்க முன்னர், இருவருடைய பிறப்புச் சான்றிதழ்கள், விவாகச் சான்றிதழ், கடவுச்சீட்டுகள், தேசிய அடையாள அட்டைகள், பட்டச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரே மேசையில் விரித்து வையுங்கள். பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஐரோப்பாவில் வாழ்க்கை தொடங்கும் இளம் சோடிகளின் மாதங்களை அதிகம் தின்பது குளிரோ மொழியோ அல்ல, இந்த மேசையில் தப்பிப்போகும் ஒரு எழுத்துத்தான்.

சிக்கல் இப்படித்தான் வரும். எங்கள் பக்கத்துப் பிறப்புச் சான்றிதழும் விவாகச் சான்றிதழும் பெரும்பாலும் தமிழில் இருக்கும். கடவுச்சீட்டோ ஆங்கில எழுத்தில். வசந்தி என்ற பெயரை ஒரு மொழிபெயர்ப்பாளர் 'எச்' சேர்த்து எழுதுவார், இன்னொருவர் சேர்க்காமல் எழுதுவார். தமிழில் ஒரே பெயர், ஜேர்மன் அலுவலகத்துக்கு இரண்டு பெண்கள். ஆகவே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் சான்றிதழை மட்டும் நீட்டாதீர்கள். இருவருடைய கடவுச்சீட்டுப் பிரதிகளையும் சேர்த்துக் கொடுத்து, பெயர்களை அதில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். தகப்பனார் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் இன்னோரிடத்தில் முழுமையாகவும் இருந்தால் அதையும் இப்போதே கவனியுங்கள். சான்றிதழிலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பித்து விட்டுத்தான் அடுத்த படி. தமிழ்ப் பெயர்ப்படி கணவனுக்கும் மனைவிக்கும் வெவ்வேறு தகப்பன் பெயர் குடும்பப் பெயர்போல நிற்கும். அது குற்றமல்ல, மாற்ற வேண்டியதுமில்லை. மாற்றத்தான் விருப்பம் என்றால் அடையாள அட்டை, கடவுச்சீட்டு இரண்டையும் வீசாவுக்கு முன்பே மாற்றி முடியுங்கள். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால் பாதி வழியில் நிற்பீர்கள்.

விவாகத் திகதியும் அப்படியே. கோயிலில் தாலி கட்டிய நாள் ஒன்று, பதிவாளர் முன் கையெழுத்திட்ட நாள் வேறொன்று என்பது நம்மிடையே வழக்கம். எல்லாப் படிவங்களிலும் பதிவுத் திகதியையே எழுதுங்கள். நேர்காணலில் கேட்டால் இரண்டு நாள்களையும் தெளிவாகச் சொல்லலாம். கணவன் ஒன்றும் மனைவி மற்றொன்றும் சொல்வதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். பதிவே செய்யாத கலியாணத்துக்கு அங்கே பெறுமதி இல்லை.

ஒவ்வொரு சான்றிதழிலும் குறைந்தது மூன்று புதிய பிரதிகள் எடுத்து வையுங்கள். எதற்கு வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவு அத்தாட்சி தேவை என்பதை ஜேர்மன் தூதரகத்தின் பட்டியலில் பார்த்து, பத்தரமுல்லைக்கு ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். கொழும்பு நமக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். ஒரு தாளை மறந்தால் இன்னொரு இரவு பஸ்.

எந்த வழி

ஒருவருக்குப் பட்டமும் வேலை ஒப்பந்தமும் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீல அட்டை என்ற வேலை-வதிவிட அனுமதியே சோடிக்கு நல்ல வழி. ஒப்பந்தம் குறைந்தது 6 மாதத்துக்கு இருக்க வேண்டும். ஜேர்மனியில் 2025இல் ஆண்டுச் சம்பள எல்லை 48,300 யூரோ. ஆள் பற்றாக்குறையுள்ள தொழில்களுக்கும் புதிதாகப் பட்டம் பெற்றவர்களுக்கும் 43,759.80 யூரோ. இந்த எல்லை ஆண்டுதோறும் மாறும், விண்ணப்பிக்கும் ஆண்டின் தொகையையே பாருங்கள். நீல அட்டைக்காரரின் துணைவருக்கு ஏ1 எனப்படும் ஆரம்ப நிலை ஜேர்மன் மொழிச் சான்றிதழ் கட்டாயமில்லை, வந்த பின் எந்த வேலையும் செய்யலாம். வேறு வகை அனுமதி என்றால் துணைவருக்கு ஏ1 வேண்டுமா என்பதை அந்தந்த வகைக்குத் தனியே பாருங்கள். வேண்டுமென்றால் கொழும்பு கோத்தே நிலையத்தின் பரீட்சையை முன்கூட்டியே பதியுங்கள். கட்டாயமில்லாதவர்களும் ஏ1 முடித்துவிட்டே போவது நல்லது. வீட்டில் தனியே இருக்கும் துணைவருக்குக் கடைக்காரரிடம் இரண்டு வசனம் பேச முடிவது பெரிய தைரியம்.

பட்டத்தின் பெறுமதியை 'அனாபின்' என்ற ஜேர்மன் தரவுத்தளத்தில் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு, அங்கீகாரம் உண்டு என்பதைக் காட்டும் 'எச் பிளஸ்' என்ற குறி இருக்க வேண்டும், பட்டமும் ஒப்புமையாகப் பதியப்பட்டிருக்க வேண்டும். சான்றிதழில் அச்சாகியுள்ள பல்கலைக்கழகத்தின் பெயரைத் தேடுங்கள். கோணேசபுரியில் உள்ள திருகோணமலை வளாகத்தில் படித்தவர்கள் வளாகத்தின் பெயரைத் தேடி, இல்லை என்று மனம் தளர வேண்டாம், கிழக்குப் பல்கலைக்கழகம் என்று தேடுங்கள். பட்டம் அங்கே கிடைக்காவிட்டால் 'சாப்' என்ற அலுவலகத்திடம் ஒப்புமை அறிக்கை கோரலாம், அதற்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முகவர் என்று யார் வந்தாலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இணையத்தளத்தில் அனுமதி இலக்கத்தைச் சரிபார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். சுற்றுலா வீசாவில் போய் அங்கே வேலை வீசாவாக மாற்றலாம் என்று சொல்பவரை அந்த இடத்திலேயே விட்டு விலகுங்கள்.

பெட்டிக்குள்

குளிர்ச்சட்டை ஒன்று போதும், நல்லதை அங்கே வாங்குங்கள். மின்னழுத்தம் இங்கேயும் அங்கேயும் 230 வோல்ட். ஆகவே ரைஸ் குக்கர் வேலை செய்யும், பிளக் மட்டும் பொருந்தாது. அடப்டரின் ஆம்பியர் அளவு குக்கரின் வலுவைத் தாங்குமா என்று பாருங்கள், மலிவானவை உருகும்.

சாப்பாட்டு விதிகளை அம்மாவுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இறைச்சியும் பாற்பொருளும் ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது: நெய், எருமைத் தயிர், இறைச்சி வற்றல் எதுவும் வேண்டாம். ஆனால் கருவாட்டுக்கும் மாசிக்கும் தடை இல்லை. சொந்தப் பாவனைக்கான மீன் பொருள்கள் ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. காற்று உறிஞ்சிய பொதியில் இரட்டை உறையிட்டுக் கட்டுங்கள். தேன் 2 கிலோ வரை. பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழம் எல்லாம் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் போனால் பறிமுதலாகும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசிக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. ஒருவர் 10,000 யூரோவோ அதற்கு மேலோ காசாக வைத்திருந்தால் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

மூலச் சான்றிதழ்கள் கைப்பையில், பெட்டியில் அல்ல.

முதல் முப்பது நாள்

இங்கே ஒழுங்கு முக்கியம், ஏனென்றால் ஒரு தாள் இல்லாமல் அடுத்த தாள் வராது. முதலில் முகவரி. பார்க்காத வீட்டுக்கு, சாவியைத் தபாலில் அனுப்புவதாகச் சொல்பவருக்கு, முற்பணம் அனுப்பாதீர்கள். முற்பணம் 'கல்ட்மீட்டே' எனப்படும், சூடாக்கல் போன்ற செலவுகள் சேராத வெறும் வாடகையின் மூன்று மாதத் தொகையைத் தாண்டக் கூடாது, அதையும் மூன்று தவணையாகக் கட்டச் சட்டம் இடம் தருகிறது. பல வீடுகள் அடுப்பும் அலுமாரியும் இல்லாத வெற்றுக் குசினியோடு வரும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாவி வாங்கும்போது ஒவ்வொரு கீறலையும் படம் எடுத்துக் கையளிப்புப் பத்திரத்தில் எழுதுவியுங்கள்.

குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் 'அன்மெல்டுங்' என்ற முகவரிப் பதிவு. இருவரும் கடவுச்சீட்டு, வீட்டுக்காரர் ஒப்பமிட்ட உறுதிப் படிவம், ஜேர்மன் மொழிபெயர்ப்புடன் விவாகச் சான்றிதழ் கொண்டு போங்கள். அலுவலகத்தில் இரண்டு வாரத்துக்குள் நேரம் கிடைக்காவிட்டால், முன்பதிவு செய்த திரையைப் படமெடுத்து வையுங்கள். விவாகச் சான்றிதழைக் காட்டாமல் பதிந்தால் உங்களைத் திருமணமாகாதவராக எழுதிவிடக்கூடும். விளைவு சம்பளச் சீட்டில், வரி கழிக்கும் வகையைக் காட்டும் இடத்தில் தெரியும்: மணமானவருக்குரிய நான்காம் வரி வகுப்புக்குப் பதிலாக முதலாம் வகுப்பு.

அன்றே செய்ய வேண்டிய சின்ன வேலை, தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் பெயர் ஒட்டுவது. கணவனின் பெயர் மட்டும் போதாது, மனைவியின் பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடி வேண்டும். தபால்காரர் பெயரைப் பார்த்தே போடுவார், வீட்டு இலக்கத்தை அல்ல. பெயர் இல்லாததால் வரி இலக்கமும் வங்கி இரகசிய இலக்கமும் திரும்பிப் போய், ஏன் வரவில்லை என்று வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

வரி இலக்கம் தபாலில் வரும், அதை வேலைத்தலத்துக்குக் கொடுங்கள். ஒருவர் மட்டும் உழைத்தால், அவருக்கு மூன்றாம் வகுப்பு, மற்றவருக்கு ஐந்தாம் வகுப்பு என்ற சேர்க்கை மாதச் சம்பளத்தைக் கூட்டிக் காட்டும். ஆனால் ஆண்டு முடிவில் கணக்குப் பார்க்கும்போது இருவரின் மொத்த வரி ஒன்றே. ஐந்தாம் வகுப்பில் இருப்பவருக்குப் பிள்ளை பிறக்கும்போது கிடைக்கும் பெற்றோர் கொடுப்பனவு, கைச் சம்பளத்தைக் கொண்டு கணக்கிடப்படுவதால் குறையும். பிள்ளைக்குத் திட்டமிடும் சோடி, மனைவியும் உழைக்கிறார் என்றால், இருவரும் நான்காம் வகுப்பிலேயே இருப்பது நல்லது என்பது எங்கள் கருத்து.

அரச மருத்துவக் காப்பீட்டில் உழைக்காத துணைவரை மேலதிகக் கட்டணமின்றிக் குடும்ப உறுப்பினராகச் சேர்க்கலாம். அது தானாக நடக்காது, படிவம் நிரப்ப வேண்டும். சேரும் வரையிலான நாள்களுக்குத் தரையிறங்கும் நாளிலிருந்தே பயணக் காப்பீடு இருக்கட்டும். வானொலிக் கட்டணம் வீட்டுக்கு ஒன்று, மாதம் 18.36 யூரோ. இருவருக்கும் தனித்தனிக் கடிதம் வந்தால் ஒருவர் கட்டும் இலக்கத்தை மற்றவர் எழுதி அனுப்பினால் போதும்.

வீட்டைப் பற்றி ஒன்று. நம் ஊரில் ஜன்னல் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். அங்கே குளிர்காலத்தில் ஜன்னலைச் சரித்து நாள் முழுக்க விட்டால் சுவர் குளிர்ந்து, சோறும் கறியும் கொதித்த ஆவி அதில் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். முற்பணத்திலிருந்து கழிப்பார்கள். அகலத் திறந்து 5 முதல் 10 நிமிடம், ஒரு நாளில் மூன்று தடவை, பிறகு இறுக்கிப் பூட்டுங்கள். கருவாடு பொரித்தால் உடனே. இரவு பத்துக்குப் பிறகு இடிக்கவோ அரைக்கவோ வேண்டாம்.

இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் குடியேறி 6 மாதம் வரைதான் செல்லும். பிறகு எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் உண்டு. எழுத்துப் பரீட்சைக்கு ஆங்கிலம் உண்டு, தமிழ் இல்லை.

பயணம்

வதிவிட அட்டை கைக்கு வந்ததும், ஷெங்கன் என்ற பொது வீசா வலயத்தின் 29 நாடுகளில் ஜேர்மனியைத் தவிர்ந்த மற்றவற்றில், எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள் வரை சுற்றலாம். கடவுச்சீட்டும் அட்டையும் இரண்டும் கையில் வேண்டும், எல்லையில் ரெயிலில் ஏறிக் கேட்பார்கள். இலண்டனில் உறவினர் வீட்டுக் கலியாணமா, அதற்குத் தனி வீசா. அயர்லாந்துக்கும் அப்படியே. சுவிஸ் ஷெங்கனுக்குள் இருந்தாலும் ஒன்றியத்தில் இல்லை, ஆகவே சுங்கச் சோதனை உண்டு. தொலைபேசியின் இலவச ரோமிங் அங்கே சேராமல் போகலாம். எல்லை தாண்ட முன்னர் டேற்றாவை நிறுத்துங்கள். ஐரோப்பாவில் வதிபவர் என்பதால் ரெயில் பாஸ் வாங்கும்போது 'இன்ரர்ரெயில்' எடுக்க வேண்டும், 'யூரெயில்' அல்ல. முதல் கோடையில் போக நல்ல இடங்கள்: ஹம் நகர காமாட்சி அம்பாள் கோயில் தேர், ஓகஸ்ட் கடைசியில் பரிஸ் லா சப்பல் தெருவில் பிள்ளையார் தேர்.

வீட்டுக்குப் பேசும் நேரம் குளிர்காலத்தில் நாலரை மணி, கோடையில் மூன்றரை மணி வித்தியாசம். மார்ச், ஒக்டோபர் கடைசி ஞாயிறுகளில் மாறும். வேலை முடிந்து ஆறு மணிக்கு எடுத்தால் குளிர்காலத்தில் இங்கே இரவு பத்தரை, அம்மா அப்பா படுத்திருப்பார்கள். ஞாயிறு காலை எட்டு மணி அங்கே, பன்னிரண்டரை இங்கே.

ஊருக்கு வந்து நீண்ட நாள் தங்கும்போது, சாதாரண வதிவிட அனுமதி 6 மாதத்துக்கு மேல் வெளியில் இருந்தால் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். நீல அட்டைக்கும் அதன் குடும்பத்துக்கும் 12 மாதம். கடவுச்சீட்டு முடிய ஒரு வருடம் இருக்கும்போதே புதுப்பிக்கக் கொடுங்கள். அட்டையின் காலம் கடவுச்சீட்டின் காலத்தைத் தாண்டாது. புதியது வந்ததும் பெயரைப் பழையதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள், வேறுபட்டால் ஜேர்மன் அலுவலகத்தில் காட்ட முன்னரே இலங்கைத் தூதரகத்தில் திருத்துங்கள்.