எக் இங்க் கோ-ஆப்பில் அப்கிரேடு செலவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முட்டைக்குப் பேர்போனது நாமக்கல். நெல்லை நம்பிப் பிழைக்கும் டெல்டாக்காரர்கள் போனில் எக் இங்க் என்ற விளையாட்டில் கோழிப்பண்ணை நடத்துவது கொஞ்சம் வேடிக்கைதான். இருந்தாலும் சேர்ந்து விளையாடும் எங்கள் கோ-ஆப் குழுவில் மன்னார்குடி, பாபநாசம், திருத்துறைப்பூண்டி ஆட்கள்தான் அதிகம். போதாததற்கு, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர்களும் அங்கிருந்தபடியே சேர்ந்துகொள்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "அண்ணே, இருக்கிற தங்க முட்டையெல்லாம் போட்டு டிஃப்ளெக்டர் செஞ்சா கட்டுமா?" தங்க முட்டை என்பது விளையாட்டுக்குள் செலவழிக்கும் சிறப்புக் காசு. டிஃப்ளெக்டர் என்பது கூட விளையாடுகிறவர்களின் கோழிகளை வேகமாக இட வைக்கும் ஒரு பொருள்.

கட்டுமா கட்டாதா என்பதை டிஃப்ளெக்டரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. கூட இருப்பவர்களின் வண்டியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கோ-ஆப்பில் நடக்கும் வீண் செலவில் பாதிக்கு மேல் இதைக் கவனிக்காததால் வருவது.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: எக் இங்க் 2016-இல் ஆக்ஸ்பிரெயின் நிறுவனம் வெளியிட்டது. தனியாகவும் விளையாடலாம், காண்ட்ராக்ட் எடுத்துக் கோ-ஆப்பாகவும் விளையாடலாம். காண்ட்ராக்ட் என்றால், இத்தனை நாளுக்குள் இத்தனை முட்டை அனுப்ப வேண்டும் என்று ஒரு இலக்கு. குழுவில் எல்லாருடைய முட்டையும் சேர்ந்துதான் கணக்கு. கோழி, கூடு, வண்டி, பண்ணையை மேம்படுத்த வாங்கும் ஆய்வு போக, ராக்கெட் அனுப்பிச் சேகரித்துப் பண்ணையில் மாட்டும் ஆர்ட்டிஃபாக்ட் என்ற பொருட்களும் உண்டு. அதில் ஒன்றுதான் டேகியான் டிஃப்ளெக்டர். அதை மாட்டிக்கொண்டால் நம் பண்ணையில் ஒரு முட்டைகூட அதிகமாகாது. மற்றவர்களின் கோழிகள்தான் வேகமாக இடும். அசல் கூட்டுறவுச் சரக்கு.

இடுவது வேறு, அனுப்புவது வேறு

காண்ட்ராக்ட் கணக்கில் ஏறுவது கோழி இட்ட முட்டை இல்லை, வண்டி ஏறிப் போன முட்டை. இடும் வேகம் ஒன்று, ஷிப்பிங் கொள்ளளவு இன்னொன்று. இரண்டில் எது சிறியதோ அதுதான் உங்கள் வேகம். வண்டி கொள்ளாத முட்டை எந்தக் கணக்கிலும் வராது.

டெல்டாவில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. குறுவை அறுப்பில் பெல்ட் மிஷின் இறங்கினால் சேறாகக் கிடக்கும் வயலைக்கூடச் சட்டென்று முடித்துவிட்டுப் போய்விடுகிறது. அப்புறம்? நெல் ரோட்டோரம் குவிந்து கிடக்கிறது. கொள்முதல் நிலையத்தில் சாக்கு வர வேண்டும், எடை போட வேண்டும், ஏற்கெனவே பிடித்த 40 கிலோ சிப்பங்களை லாரி வந்து எடுத்தால்தான் அடுத்த குவியலுக்கு இடம். நடுவில் மழை பெய்து ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் திரும்பவும் காயப்போட வேண்டும். அந்த நேரத்தில் இன்னொரு மிஷின் கொண்டுவந்து இறக்கினால் யாருக்கு என்ன லாபம்? லாரி இல்லாத நிலையத்துக்கு இன்னொரு மிஷின்தான், வண்டி நிறைந்துவிட்ட பண்ணைக்கு இன்னொரு டிஃப்ளெக்டர்.

எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒருவர் பண்ணை மணிக்கு 100 இடுகிறது, வண்டி 120 வரை கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். கூட இருக்கும் நான்கு பேர் ஆளுக்கு 15 சதவீத டிஃப்ளெக்டர் மாட்டுகிறார்கள். முதல் ஆள் மாட்டியதும் 115. நல்லது. இரண்டாம் ஆள் மாட்டியதும் 130, ஆனால் போவது 120. மூன்றாவதும் நான்காவதும் வந்து இடும் வேகம் 160 ஆனாலும் போவது அதே 120தான். பின்னால் வந்த இருவரின் டிஃப்ளெக்டரும் இவரைப் பொறுத்தவரை சும்மா.

இங்கே சரியான அப்கிரேடு இன்னொரு டிஃப்ளெக்டர் இல்லை. ஆர்ட்டிஃபாக்ட்டில் பதிக்க அவரிடம் ஏற்கெனவே இருக்கும் கற்களை மாற்றிப் போட்டாலே போதும். டேகியான் கல் இடும் வேகத்தைக் கூட்டும், குவாண்டம் கல் ஷிப்பிங்கைக் கூட்டும். அவர் மாட்டியிருக்கும் 5 சதவீத டேகியான் கற்களில் மூன்றைக் கழற்றி, அதே தரத்தில் மூன்று குவாண்டம் கற்களைப் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கலில் சேரும் என்பதால் மூன்று கல்லுக்குக் கிட்டத்தட்ட 16 சதவீதம். இடுவது 160-இலிருந்து 138-க்கு இறங்கும், வண்டியின் கொள்ளளவு 120-இலிருந்து 139-க்கு ஏறும். போகும் முட்டை 120-இலிருந்து 138. இடும் வேகத்தைக் குறைத்ததால் அனுப்புவது 15 சதவீதம் கூடியிருக்கிறது! கல் மாற்றச் சொன்னால் "இடுறது குறையுதே மாப்ள" என்று பதறுகிறவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. குறையட்டும். குறைந்தது எப்படியும் வண்டி ஏறப் போகாத முட்டைதானே.

ஆகவே, செலவு செய்வதற்கு முன்னால் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்து இடும் வேகத்தையும் ஷிப்பிங் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுடையதை மட்டும் பார்த்தால் போதாது. டிஃப்ளெக்டர் விஷயத்தில் மற்றவர்களிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவர்கள் வண்டியில் இடம் இல்லையென்றால் உங்கள் தங்க முட்டை உங்களிடமே இருக்கட்டும்.

சதவீதத்தை அப்படியே நம்புவது

15 சதவீதம் என்று எழுதியிருந்தால் 15 சதவீதம் கிடைக்கும் என்று நினைப்பது அடுத்த தவறு. பல பேருடைய டிஃப்ளெக்டர்கள் ஒன்றோடொன்று கூட்டலில் சேர்கின்றன, கற்களைப் போலப் பெருக்கலில் அல்ல. ஏற்கெனவே எட்டுப் பேர் மாட்டி 120 சதவீதம் ஆகிவிட்ட இடத்தில் ஒன்பதாவது ஆள் சேர்ந்தால், அடிப்படை 100-ஓடு சேர்த்து 220 என்பது 235 ஆகும். இருப்பதோடு ஒப்பிட்டால் 7 சதவீதம்கூட வராது. முதலில் மாட்டியவருக்குக் கிடைத்த பேர் கடைசியில் வந்தவருக்குக் கிடைக்காது.

ஆள் எண்ணிக்கையும் பார்க்க வேண்டும். பத்துப் பேர் கோ-ஆப்பில் உங்கள் டிஃப்ளெக்டர் ஒன்பது பண்ணைக்கு வேலை செய்கிறது. எல்லாரிடமும் வண்டியில் இடமிருந்தால் ஒரு முழுப் பண்ணையைப் புதிதாகச் சேர்த்ததைவிட அதிகம். இரண்டே பேர் என்றால் அது ஒரே ஒரு பண்ணைக்குத்தான். அப்போது நீங்கள் பெரிய பண்ணை, கூட இருப்பவர் நேற்றுச் சேர்ந்தவர் என்றால், உங்கள் கோழிகளையே வேகமாக இட வைக்கும் குவாண்டம் மெட்ரோனோம்தான் லாபம். நிஜக் காசு கொடுத்து ப்ரோ பெர்மிட் என்ற அனுமதியை வாங்கி நான்கு ஆர்ட்டிஃபாக்ட் மாட்டுகிறவர்களுக்கு இதில் பெரிய குழப்பம் இல்லை, டிஃப்ளெக்டர், மெட்ரோனோம், ஷிப்பிங்குக்குக் காம்பஸ், கூட்டின் கொள்ளளவுக்குக் கஸ்ஸெட் என்று நான்கையும் போட்டுக்கொள்ளலாம். சாதாரணப் பெர்மிட்டில் இரண்டுதான். அவர்கள்தான் கணக்குப் போட்டாக வேண்டும்.

2023-இல் காண்ட்ராக்ட்டுக்கு மதிப்பெண் முறை வந்த பிறகு, மற்றவர்களுக்கு உதவும் ஆர்ட்டிஃபாக்ட்டை எவ்வளவு நேரம் மாட்டியிருந்தோம் என்பதும் மதிப்பெண்ணில் சேர்கிறது. அதனால் முட்டைக்குப் பயன் இல்லாவிட்டாலும் மாட்டி வைக்கிறவர்கள் உண்டு. மதிப்பெண் வேண்டும் என்றால் அது நியாயமான காரணம்தான். முட்டை கூடும் என்று நினைத்து மாட்டுவதுதான் வீண்.

பண்ணைக் காசைச் சேர்த்து வைப்பது

காண்ட்ராக்ட் பண்ணையில் சம்பாதிக்கும் காசும், அதில் வாங்கும் சாதாரண ஆய்வும் அந்தப் பண்ணையோடு முடிந்துவிடும். அடுத்த காண்ட்ராக்ட்டில் திரும்பவும் பூஜ்யத்திலிருந்துதான். இது தெரிந்தும் காசைப் பிடித்து வைக்கிறவர்களைப் புரிந்துகொள்ளவே முடிவதில்லை. யாருக்காகச் சேர்க்கிறார்கள்? இடும் வேகம், கூடு, வண்டி சம்பந்தப்பட்ட ஆய்வுகளை முடிந்தவரை முதல் நாளே வாங்கிவிடுங்கள். கடைசி நாளில் வாங்கும் ஆய்வு கடைசி நாளுக்கு மட்டும்தான் உழைக்கும்.

இதே காரணத்தால் மற்றவர்களின் வருமானத்தைக் கூட்டும் ஷிப் இன் எ பாட்டில் என்ற ஆர்ட்டிஃபாக்ட்டுக்கும் காலம் உண்டு. குழுவில் புதியவர்கள் ஆய்வு வாங்கக் காசில்லாமல் திணறும் ஆரம்ப நேரத்தில் அது நல்ல உதவி. எல்லாரும் வாங்கி முடித்த பிறகும் அதையே மாட்டிக்கொண்டிருந்தால் ஒரு இடம் வீணாகிறது, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்துக்குப் பண்ணையை வேகப்படுத்தும் பூஸ்டுக்குத் தேவைப்படும் டோக்கனும் இந்த ரகம்தான். பெரிய பூஸ்டுக்குச் சேர்க்கிறேன் என்று பாதிக் காண்ட்ராக்ட் வரை மூட்டை கட்டி வைத்தால், அந்தப் பாதி நேரம் கூடு காலியாகக் கிடக்கும். முதல் நாளில் நிறைந்த கூடு எல்லா நாளும் இடும்.

தூங்கும் பண்ணை

நம் ஆட்களிடம் அதிகம் பார்ப்பது இது. நடவு நேரத்தில் விடியற்காலையே வயலுக்குப் போய்விடுவார்கள், போன் வீட்டில் சார்ஜில் இருக்கும். சிங்கப்பூர் ஆட்களுக்கு நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் பொழுது போய்விடும். ஷிப்ட் வேலை என்றால் கேட்கவே வேண்டாம். நாம் திறக்காத நேரத்தில் பண்ணை ஓட வேண்டும் என்றால் சைலோ என்ற தீவனக் கிடங்கில் தீவனம் இருக்க வேண்டும். ஒரு சைலோ அடிப்படையில் ஒரு மணி நேரம். தீர்ந்துவிட்டால் பண்ணை நின்றுவிடும். நின்ற பண்ணைக்கு ஒன்பது பேருடைய டிஃப்ளெக்டரும் சேர்ந்து கொடுப்பது பூஜ்யம்.

தங்க முட்டை போட்டு வாங்கும் எபிக் ஆய்வுகளில், சைலோவின் கொள்ளளவைக் கூட்டும் ஆய்வை முழுதாக முடித்தால் ஒரு சைலோ 3 மணி நேரம் தாங்கும். பத்து சைலோ கட்டினால் 30 மணி நேரம். ஒரு நாளைக்கு ஒருமுறை திறந்தால்கூடப் போதும். பார்க்கப் பளபளப்பாக எதுவும் இல்லாததால் இதை யாரும் முதலில் வாங்குவதில்லை. ஆனால் அதிகம் போனைத் தொடாத ஆளுக்கு, எந்த ஆர்ட்டிஃபாக்ட்டைவிடவும் முதலில் வேண்டியது இதுதான் என்பது என் கருத்து.

தங்க முட்டையை எங்கே போடுவது

எபிக் ஆய்வுக்குப் போட்ட தங்க முட்டை எல்லாப் பண்ணையிலும், இனி வரப்போகும் எல்லாக் காண்ட்ராக்ட்டிலும் கூடவே வரும். பூஸ்டுக்குப் போட்டது அன்றோடு சரி. ஆகவே ஒரு காண்ட்ராக்ட் கைவிட்டுப் போகிற மாதிரி இருக்கிறதே என்று பதறி, இருப்பதையெல்லாம் பூஸ்டில் கொட்டாதீர்கள். கோ-ஆப் விளையாடுகிறவருக்கு சைலோவுக்கு அடுத்தது ஷிப்பிங்கைக் கூட்டும் டிரான்ஸ்போர்டேஷன் லாபியிஸ்ட்ஸ். ஒரு படிக்கு 5 சதவீதம், 30 படி. மேலே சொன்ன வண்டிப் பிரச்சினைக்கு நிரந்தர மருந்து என்றால் அதுதான்.

அது முடிந்த பிறகு டிஃப்ளெக்டர் செய்ய உட்காருங்கள். ஆர்ட்டிஃபாக்ட் செய்யத் தங்க முட்டை போகும். ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அதன் விலை இறங்கிக்கொண்டே வரும். அதனால் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று என்று செய்வதைவிட ஒன்றைப் பிடித்துக்கொண்டு செய்வது மலிவு.

நிஜக் காசு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். விளையாட்டில் இருக்கும் உண்டியலில் தங்க முட்டை நிறைந்திருக்கிறது, உடைக்க நிஜப் பணம் கேட்கிறது. காண்ட்ராக்ட் முடிய இன்னும் நாலு மணி நேரம்தான் இருக்கிறது. குழுவில் எல்லாரும் உங்களையே பார்க்கிறார்கள். இந்த நேரத்தில் உடைக்கவே கூடாது. ஃபேஸ்புக்கில் ஊரே விளையாடிய ஃபார்ம்வில் 2009-இல் வந்தது, 2020 டிசம்பர் 31-ஆம் தேதி மூடப்பட்டது. அதில் காசு போட்டு வாங்கிய மாடு, மரம், கொட்டகை எதையும் யாரும் வெளியே எடுத்துவர முடியவில்லை. ப்ரோ பெர்மிட் ஒருமுறை வாங்கினால் முடிந்தது, பிடித்திருந்தால் வாங்கலாம். உண்டியலை வேண்டுமானால் வேலை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, காண்ட்ராக்ட் எதுவும் ஓடாதபோது, நிதானமாக யோசித்துவிட்டு உடையுங்கள். பறக்கும் டிரோன்களை அடித்தாலே அவ்வப்போது கொஞ்சம் தங்க முட்டை இலவசமாக விழும்.