யாழ்ப்பாண வெக்கையில் தண்ணீர்க் கணினி: முதன்முறை கட்டுபவர்கள் சறுக்கும் இடங்கள்

"அண்ணை, எங்கட கிணத்துத் தண்ணியக் கொதிக்க வச்சு, ஆற விட்டு ஊத்தினால் காணாதே?"

உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு தண்ணீரால் குளிரூட்டும் கேமிங் கணினி கட்டப் புறப்பட்ட பக்கத்து வீட்டுத் தம்பி கேட்ட கேள்வி இது. அப்படியான கணினியில் ஒரு பம்பு, தொட்டியில் உள்ள தண்ணீரை ரியூப் வழியாகச் சூடாகும் பாகங்களின் மேல் உள்ள உலோகக் கட்டைகளுக்குள்ளால் ஓடவிட்டு, விசிறி பூட்டிய றேடியேற்றரில் ஆறவிட்டுச் சுற்றிச் சுற்றி அனுப்பும். காணாது. ஏன் காணாது என்று அறிய அவன் தங்கள் வீட்டுக் கேத்திலின் மூடியைத் திறந்து பார்த்தாலே போதும். அடியில் படிந்திருக்கும் வெள்ளைப் படையைத் சும்மா தேய்த்தால் இலேசில் போகாது. குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. நாம் அள்ளும் தண்ணீர் அந்தக் கல்லுக்குள்ளால் ஊறி, அதைக் கரைத்துக்கொண்டு வருகிற தண்ணீர். கொதிக்க வைத்தால் கரைந்ததில் ஒரு பகுதி கேத்திலில் படியும். மிச்சக் கல்லும் உப்பும் தண்ணீரோடுதான் இருக்கும். புரொசசரின் மேல் உட்காரும் செப்புக் கட்டைக்குள் மயிரிழை போன்ற வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றின் இடைவெளி அரை மில்லிமீற்றர்கூட இல்லை. கேத்தில் அடியில் படிந்தது அங்கே படிந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

போத்தலில் விற்கும் குடிதண்ணீரிலும் தாதுப்பொருள் இருக்கிறது, அதுவும் சரிவராது. வேண்டியது காய்ச்சி வடித்த தண்ணீர். பற்றரிக் கடைகளில் கிடைக்கும். ஆனால் அதே கடையில் பற்றரிக்கு ஊற்றும் அமிலமும் அதே மாதிரிப் போத்தலில் இருக்கும். லேபலை வாசிக்காமல் தூக்கி வராதீர்கள். அந்தத் தண்ணீரைத் தனியாக ஊற்றியும் விடக்கூடாது. பாசி பிடிக்காமலும் உலோகம் அரிக்காமலும் இருக்க அதற்கென்று விற்கும் மருந்தைச் சொன்ன அளவில் சேர்க்க வேண்டும். யன்னல் வெயில் படும் கணினி என்றால் பாசி இன்னும் விரைவாக வரும். இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்றால், கலந்து விற்கும் கூலன்ற் ஒரு லீற்றர் வாங்குவது நிம்மதி. பால் நிறத்தில் மினுமினுக்கும் கூலன்ற் வகைகளை மட்டும் முதல் கணினிக்குத் தொடாதீர்கள். படத்துக்கு அழகு. சில மாதம் போனால் அந்த மினுக்கம் வரிகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும்.

வடித்த தண்ணீர் மின்சாரம் கடத்தாது, ஆகவே ஒழுகினாலும் பயமில்லை என்று ஒரு கதை உலவுகிறது. போத்தலுக்குள் இருக்கும் வரை அது ஓரளவு உண்மை. செப்பிலும் பித்தளையிலும் ஓடத் தொடங்கிய தண்ணீர் அயன்கள் எனும் மின்னேற்றத் துணிக்கைகளைச் சேர்த்துக்கொண்டு மின்சாரம் கடத்தத் தொடங்கும். மதர்போர்டில் இருக்கும் தூசியில் பட்டால் இன்னும் மோசம்.

தண்ணீர் பற்றி இவ்வளவு சொன்னாலும், நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை தண்ணீர் ஊற்றுவதற்கு வெகு முன்னமே, சாமான் வாங்கும்போதே நடந்து முடிந்தவை. கொழும்பில் இருப்பவர், ரியூப்பைப் பாகத்தோடு இணைக்கும் ஒரு பிற்றிங் குறைந்தால் பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவுக்கு ஒரு நடை போய்த் தேடிப் பார்க்கலாம். நமக்கு அது இரவு பஸ். அங்கேயும் இல்லையென்றால் வெளிநாட்டுப் பார்சல். மேசையில் பாதி கட்டிய கணினி வாரக்கணக்கில் கிடக்கும், அம்மா ஒவ்வொரு நாளும் அதைத் தூக்கி வைக்கச் சொல்லுவா. என்னுடைய முதல் கணினி ஒரேயொரு 90 பாகை வளைவுப் பிற்றிங்குக்காக ஒரு மாதம் அப்படிக் கிடந்தது. ஆகவே வாங்குமுன் தாளில் வரைந்து பாருங்கள். தண்ணீர் எந்த வாயால் புகுந்து எந்த வாயால் வெளியே வருகிறது என்று ஒவ்வொரு பாகத்துக்கும் கோடு போட்டால் எத்தனை பிற்றிங் தேவை என்று வந்துவிடும். அதற்கு மேல் இரண்டு நேர்ப் பிற்றிங்கும் இரண்டு வளைவும் கூடுதலாக வாங்கி வையுங்கள்.

வாங்குவதில் மிக மோசமான பிழை உலோகங்களைக் கலப்பது. இணையக் கடைகளில் மலிவாகக் கிடக்கும் றேடியேற்றர்களில் நிறைய அலுமினியம். புரொசசர்க் கட்டையோ செப்பு, அல்லது நிக்கல் பூசிய செப்பு. ஒரே தண்ணீர் இரண்டையும் தொட்டால் அது பற்றரி மாதிரித்தான் வேலை செய்யும். அலுமினியம் அரித்துக்கொண்டே போகும். மருந்து சேர்த்தால் வேகம் குறையும், நிற்காது. செப்பு, பித்தளை, நிக்கல் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். அலுமினியம் வேண்டுமென்றால் முழுத் தொகுதியும் அலுமினியமாக இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் றேடியேற்றரைப் பொருத்தலாமா என்று ஒருவர் கேட்டார். கற்பனை நல்லது, ஆனால் அவற்றிலும் பெரும்பாலானவை அலுமினியம்தான்.

ரியூப் விடயம் வேறு. மேசன்மார் மட்டம் பார்க்கப் பிடிக்கும் தெளிவான ரியூப் ஹாட்வெயார் கடையில் மீற்றர் கணக்கில் கிடைக்கும், மீன் தொட்டி ரியூப்பும் கிடைக்கும். இரண்டையும் பார்த்து ஆசைப்படாதவர் இல்லை. கணினிப் பிற்றிங்குகள் உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டையும் பார்த்துச் செய்யப்படுகின்றன: 10/13, 10/16, 13/19 மில்லிமீற்றர் என்று. 10/16 பிற்றிங்கில் 10/13 ரியூப் போகத்தான் செய்யும். வளையத்தைத் திருகினால் இறுகாது. இன்னொன்று, தெளிவான மலிவு ரியூப்பை இளக்கமாக வைத்திருக்கச் சேர்த்த பொருள் சூட்டில் மெல்ல மெல்லக் கசிந்து, தண்ணீரில் வெள்ளைப் பிசின் மாதிரி மிதக்கும். முதல் கணினிக்குக் கறுப்பு ஈ.பி.டி.எம் இறப்பர் ரியூப் போதும். பார்வைக்குக் கவர்ச்சி இல்லைத்தான். ஆனால் வருடக்கணக்கில் தொந்தரவு தராது. சூடாக்கி வளைக்கும் கண்ணாடி போன்ற விறைப்பு ரியூப்பை இரண்டாவது கணினிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வளைக்கப் பழகும்போது வீணாகும் துண்டுகளுக்கே ஒரு கணக்கு வேண்டும்.

கிராபிக்ஸ் காட்டுக்கு (அட்டைக்கு) கட்டை வாங்கும்போது காட்டின் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். ஆர்.ரி.எக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் பல கம்பனிகள் பலவிதச் சுற்றுப்பலகைகளில் காட் செய்திருக்கின்றன. திருகாணித் துளை ஒரு இடத்தில் மாறினாலும் கட்டை உட்காராது. உங்கள் காட்டின் முழு மாதிரி எண்ணுக்கும் பொருந்துகிறதா என்று கட்டை செய்தவரின் பட்டியலில் பார்த்த பிறகே காசு கட்டுங்கள். காட்டைக் கழற்றினால் உத்தரவாதம் என்னாகும் என்று விற்றவரிடம் முதலே கேட்டு வைப்பதும் நல்லது.

எவ்வளவு றேடியேற்றர் வேண்டும்?

இங்கேதான் வெளிநாட்டு வீடியோக்கள் நம்மை ஏமாற்றுகின்றன. அவர்கள் 21 பாகை அறையில் இருந்து பேசுகிறார்கள். தண்ணீர்க் குளிரூட்டலில் தண்ணீர் அறை வெப்பத்துக்குக் கீழே போகாது. வெப்பத்தை அறைக்காற்றில் கொண்டுபோய்க் கொட்டுவது மட்டும்தான் அதன் வேலை. நல்ல தொகுதி என்றால் தண்ணீர் அறையை விட 10 பாகை அளவில் கூடுதலாக நிற்கும். அவர்களுக்கு அது 31. சித்திரை வெயிலில் ஏசி இல்லாத 33 பாகை அறையில் நமக்கு 43. இது பழுது இல்லை, கணக்கு. இதைப் பார்த்துப் பயந்து கட்டையைக் கழற்றி, அதற்கும் புரொசசருக்கும் இடையில் உள்ள பசையை மாற்றி மாற்றிப் பூசியவர்களை எனக்குத் தெரியும். தண்ணீர் 60 பாகையை நெருங்கினால்தான் கவலைப்பட வேண்டும். பம்புக்கும் ரியூப்புக்கும் அது கூடாது.

தோராயமாக, ஒரு 120 மில்லிமீற்றர் விசிறி அகலமுள்ள றேடியேற்றர் பகுதிக்கு 100 வாற் வெப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.ரி.எக்ஸ் 4080 காட் 320 வாற் வரை இழுக்கும், ரைசன் 7 7800எக்ஸ்3டி புரொசசரின் மதிப்பீடு 120 வாற். மொத்தம் 440. அப்படியானால் ஐந்து பகுதிகள்: மூன்று விசிறி நீளமுள்ள ஒரு 360, இரண்டு விசிறி நீளமுள்ள ஒரு 240. நம் வெக்கைக்கு இரண்டு 360 என்றால் விசிறிகள் கத்தாமல் ஓடும். ஒற்றை 240ஐப் போட்டு இரண்டையும் குளிர்விக்கப் பார்ப்பது கைவிசிறியால் கல்யாண வீட்டையே விசிறுவது மாதிரி. வாங்குமுன் கேஸுக்குள், அதாவது கணினிப் பெட்டிக்குள், அளந்தும் பாருங்கள். 30 மில்லிமீற்றர் றேடியேற்றரும் 25 மில்லிமீற்றர் விசிறியும் சேர்ந்தால் 55. மேற்கூரையில் அவ்வளவு தடிப்பு இறங்கினால் பல கேஸ்களில் மெமரியில் போய் முட்டும்.

அந்த 440 வாற்றும் உங்கள் அறையில்தான் வந்து சேரும் என்பதையும் மறக்காதீர்கள். தண்ணீர் போட்டால் அறை குளிரும் என்று நினைத்தவர் ஒருவர் அல்ல. கதவை மூடிக்கொண்டு இரண்டு மணிநேரம் விளையாடினால் தெரியும்.

தண்ணீர் முதலில் காட்டுக்கா புரொசசருக்கா போக வேண்டும் என்று மணிக்கணக்கில் வாதம் செய்வார்கள். தேவையில்லாத தலையிடி. நிமிடத்துக்கு 4 லீற்றர் ஓடும்போது 400 வாற் வெப்பம் அந்தத் தண்ணீரை ஏறத்தாழ ஒன்றரைப் பாகைதான் கூட்டும். ரியூப் நீளம் குறைவாக எப்படிப் போகிறதோ அப்படிக் கட்டுங்கள். ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது: தொட்டி பம்புக்கு முன்னால், பம்பை விட உயரத்தில் இருக்க வேண்டும்.

தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மெசின் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மெசினுக்குள் தண்ணீர் விட்டு நிரப்பாமல் இயக்கினால் அது இறைக்காது, சும்மா சுழன்று கெடும். கணினிப் பம்பும் அப்படித்தான். டி5 போன்ற பம்புகளுக்கு ஓடும் தண்ணீரேதான் எண்ணெய். உலர்ந்து ஓடினால் தாங்கி (பெயாரிங்) தேய்ந்துவிடும். தொட்டியை நிரப்பி, சில வினாடி ஓடவிட்டு, மட்டம் இறங்கியதும் நிறுத்தி, மீண்டும் நிரப்பி என்று பொறுமையாகச் செய்ய வேண்டும். காற்றுக் குமிழ் நின்றால் கேஸை நாலு பக்கமும் மெல்லச் சரித்துப் பாருங்கள். பம்பின் மின்சாரத்தை மதர்போர்டின் சாதாரண விசிறி முனையில் எடுப்பது இன்னொரு பிழை. அந்த முனை வழக்கமாக 12 வாற்தான் தாங்கும், டி5 முழு வேகத்தில் 20 வாற்றுக்கு மேல் இழுக்கும். மின்சாரம் பவர் சப்ளையில் இருந்து நேரே வரட்டும், வேகம் சொல்லும் வயர் மட்டும் மதர்போர்டுக்குப் போகட்டும்.

பூட்டும்போது பைப் வேலைப் பழக்கம் குறுக்கே வரும். வீட்டுப் பைப்புக்குப் புரியில் வெள்ளை ரேப் சுற்றாமல் பூட்ட மாட்டோம். கணினிப் பிற்றிங்கின் ஜி 1/4 புரிக்கு ரேப்பும் வேண்டாம், பசையும் வேண்டாம். ஒழுக்கை அடைப்பது புரி அல்ல, அடியிலுள்ள இறப்பர் வளையம். ரேப் பிய்ந்து உள்ளே போனால் நேரே அந்த மயிரிழை வரிகளில் போய்ச் சிக்கும். குறடும் வேண்டாம். கையால் திருகி, வளையம் நசிந்து உட்கார்ந்ததும் விட்டுவிடுங்கள். அக்ரிலிக் கட்டையில் பலம் காட்டினால் வெடித்துவிடும். புதிய றேடியேற்றரை அப்படியே பூட்டுவதும் பிழை. உள்ளே பற்றாசு வைத்த மிச்சமும் தூளும் இருக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் குலுக்கி ஊற்றி, கடைசியாக வடித்த தண்ணீரால் இரண்டு தரம் கழுவுங்கள்.

அப்புறம் ஒழுக்குப் பரிசோதனை. சிறிய கைப் பம்பும் அளவுமானியும் சேர்ந்த கருவி கிடைத்தால் தண்ணீர் ஊற்றுமுன் 0.5 பார் அளவில் காற்று அடித்து, அரைமணி நேரம் முள் அசைகிறதா என்று பாருங்கள். அந்தக் கருவி இல்லையென்று சைக்கிள் பம்பையோ ரயர் கடைக் காற்றையோ நாடாதீர்கள். 0.5 பார் என்பது ஏழு பி.எஸ்.ஐ. மட்டும். மோட்டார் சைக்கிள் ரயரில் அதைப் போல நாலு மடங்கு இருக்கிறது. தண்ணீர் விட்டபின் பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, மதர்போர்டுக்கும் காட்டுக்கும் போகும் வயர்களைக் கழற்றி வைத்துவிட்டு, ஒவ்வொரு பிற்றிங்கின் கீழும் ரிசு பேப்பர் வைத்து ஒரு நாள் ஓடவிடுங்கள். பவர் சப்ளையைத் தனியாக இயக்க அதற்கென்றே விற்கும் 24 ஊசித் தொப்பி இருக்கிறது. ஊக்கையோ வயர்த் துண்டையோ செருக வேண்டாம். நான் முதல்முறை ஒரு மணிநேரத்தில் திருப்திப்பட்டு எல்லாவற்றையும் பூட்டினேன். இரவு இரண்டு மணிக்கு காட்டின் முதுகில் ஒரு துளி. நல்லகாலம், அந்த நேரம் கணினி நிறுத்தி இருந்தது.

ஓடத் தொடங்கிய பிறகு வரும் எதிரி தூசி. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் யன்னல் திறந்த அறையில் றேடியேற்றரின் தகடுகள் போர்வை போர்த்தது மாதிரி ஆகிவிடும். கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உப்பும் சேர்ந்து ஒட்டும். நெருக்கமான தகடுகள் உள்ள றேடியேற்றரை இங்கே தவிர்த்து, முன்னால் கழற்றிக் கழுவக்கூடிய வலை போடுங்கள். பழைய காற்றுக் கூலரை எடுத்துவிட்டால் மதர்போர்டின் மின்பகுதிகள் மேல் பட்டுக்கொண்டிருந்த காற்றும் நின்றுவிடும். ஆகவே கேஸுக்குள் ஒரு விசிறியாவது அந்தப் பக்கம் வீச வேண்டும்.

கடைசியாக, எல்லோரும் மறக்கும் வடிகால். என்னுடைய முதல் கணினியில் அது இல்லை. தண்ணீர் மாற்ற இரண்டு பேர் கேஸைத் தூக்கி முற்றத்தில் வாளிக்கு மேல் சரித்துப் பிடித்தோம். பாதித் தண்ணீர் வாளியில், மீதி என் சாரத்தில். தொகுதியின் ஆகக் கீழான இடத்தில் ஒரு ரீ பிற்றிங்கும் சின்ன வால்வும் வைத்தால் அந்தக் கூத்து இல்லை. கணினியைக் கொழும்புக்கு பஸ்ஸில் கொண்டுபோவதானாலும் முதலில் அந்த வால்வைத் திறந்து வடித்துவிட்டே ஏற்ற வேண்டும்.

நான் வருடத்துக்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது தண்ணீர் மாற்றுகிறேன். வடித்ததைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். தெளிவாக இருந்தால் புதிதை ஊற்றி மூடலாம். சாயம் போடாத தண்ணீர் பச்சை கலந்த நீலமாக இருந்தால் செப்பு அரிக்கிறது. வெள்ளைத் துகள் மிதந்தால் ரியூப்பைப் பாருங்கள். வழுவழுப்பாக இழை இழையாக ஏதும் இருந்தால் அது பாசி. அன்றைக்குக் கட்டையைக் கழற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வரிகளைத் தேய்க்க ஒரு பகல் ஒதுக்கி வையுங்கள்.