ஒரு கிழமையில் படகு திருத்தப் போகிறவர்களுக்கு

முல்லைத்தீவுச் சிலாவத்தையில் என் கொட்டிலுக்குப் பக்கத்துப் பூவரச மரத்தடியில் எப்போதும் ஒன்றிரண்டு பைபர் படகுகள் கவிழ்ந்து கிடக்கும். "அண்ணை, கிரைண்டரை மட்டும் இரவல் தாருங்கள், ஒரு கிழமையில் நானே முடித்துவிடுகிறேன்" என்று வந்தவர்களுடையவை அவை. சிலவற்றின் கீழே கோழி அடைகாத்துக் குஞ்சும் பொரித்துவிட்டது. வந்தவர்கள் கைத்திறன் இல்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டக்கூடியவர்கள். அவர்களுக்குப் பிழைப்பது கணக்குத்தான். வேலை செய்யும் மணித்தியாலங்களைக் கூட்டுகிறார்கள், காத்திருக்க வேண்டிய நாட்களை விட்டுவிடுகிறார்கள். பைபர் வேலையில் காத்திருப்புத்தான் பெரும்பங்கு.

ஆகவே முதலில் மாதத்தைப் பாருங்கள். முல்லைத்தீவுக் கரையில் கடல் வாசியாக இருப்பது ஏறத்தாழப் பங்குனியிலிருந்து புரட்டாசி வரை. அந்த நாட்களில் ஓடக்கூடிய படகை யாரும் மணலில் கவிழ்த்து வைக்கமாட்டார்கள். ஐப்பசியில் வடகீழ்ப் பருவக்காற்று எழும்பிக் கடல் கொந்தளிக்கும்போதுதான் படகுக்கும் ஓய்வு, உங்களுக்கும் ஓய்வு. மழையும் அப்போதுதான் வந்து சேர்கிறது. கண்ணாடியிழையை ஒட்டி இறுக்கும் திரவப் பிசினான ரெசினுக்கு ஈரம் ஜென்மப் பகை. கண்ணாடியிழைப் பாய் ஈரக் காற்றில் நனைந்திருந்தாலே ஒட்டு பலவீனமாகிவிடும். கையில் நேரம் இருக்கும் மாதத்தில் வெயில் இல்லை, வெயில் இருக்கும் மாதத்தில் நேரம் இல்லை. எங்கள் கரையில் வேலை இழுபடுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. கார்த்திகை, மார்கழியைத் தறப்பாளுக்குக் கீழே உடைப்பதற்கும், அரைப்பதற்கும், உலர்த்துவதற்கும், சாமான் பட்டியல் போடுவதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். தை பிறந்தால்தான் ரெசினுக்கு வழி பிறக்கும்.

வன்னியின் மேற்குக் கரையில், விடத்தல்தீவு, நாச்சிக்குடாப் பக்கத்தில், கதை வேறு. அங்கே கடல் குழம்புவது தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில். வெயில் தாராளம். ஆனால் பூசிய ரெசின் இறுகுமுன் காற்று மணலை வாரி அதன்மேல் தூவிவிடும். பிறகு அதை அரைத்தெடுப்பது இன்னொரு வேலை. காற்று வரும் பக்கத்தை உயரமாக மறைக்காமல் டின்னைத் திறக்காதீர்கள்.

இனி ஓட்டைக்கு வருவோம். படகின் அடியில் கல் குத்தி 10 சென்ரிமீற்றர் அகல ஓட்டை ஒன்று விழுந்திருக்கிறது என்று வையுங்கள். உள்ளங்கையளவு. அதை அப்படியே மூடிப் பூசினால் அடுத்த தடவை அலையில் அடிபடும்போது ஒட்டு மூடியாகக் கழன்றுவரும். ஓட்டையின் விளிம்பைச் சுற்றிச் சரிவாக அரைக்க வேண்டும். தடிப்பைப்போல் 12 மடங்கு அகலத்துக்கு அந்தச் சரிவு போக வேண்டும் என்பது பைபர் வேலையில் பொதுவான அளவு. அடித்தடிப்பு 6 மில்லிமீற்றர் என்றால் ஒவ்வொரு பக்கமும் 7 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேல். உங்கள் உள்ளங்கை ஓட்டை இப்போது 24 சென்ரிமீற்றர் வட்டமாகிவிட்டது, படகில் இன்னும் ஒரு சொட்டு ரெசின்கூடப் படவில்லை. அரைக்கும்போது முகமூடி கட்டாயம் போடுங்கள். அந்தத் தூசு தோலை மட்டும் அரித்துவிட்டுப் போவதில்லை, நெஞ்சுக்குள்ளும் போகும்.

சதுர மீற்றருக்கு 450 கிராம் பாயில் ஓர் அடுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்புத் தரும். ஆகவே ஆறேழு அடுக்கு, ஒவ்வொன்றும் வேறு வேறு அளவில் வெட்டியது. ரெசின், பாயின் நிறையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு. எல்லா அடுக்கையும் ஒரே மூச்சில் போட்டால் உள்ளே சூடேறி வெடிப்பு விழும். மூன்று அடுக்குப் போடுங்கள், சூடு தணியட்டும், பிறகு மீதி. முதல் மூன்றும் இன்னும் பிசுபிசுப்பாக இருக்கும்போதே அடுத்ததைப் போட்டுவிட்டால் நல்லது. நடுவில் யாராவது மரணவீட்டுக்குக் கூப்பிட்டு, இரண்டு நாள் கழித்துத் திரும்பிவந்தால், மேற்பரப்பை மறுபடி அரைத்து அசிட்டோனால் துடைத்த பிறகுதான் தொடரலாம். வீட்டு வேலையாகச் செய்பவர்களின் நாட்கள் கரைவது இந்த இடத்தில்தான்.

ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னரின் அளவு ரெசினில் 1 முதல் 2 சதவீதம். எங்கள் வெயிலில் 1 சதவீதத்தை ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள், அதாவது ஒரு கிலோவுக்குப் 10 மில்லிலீற்றர். நேரம் கிடைக்கும் என்று அதற்கும் கீழே குறைத்தால் ரெசின் முழுதாக இறுகவே இறுகாது. மதிய வெயிலில் ஒரு கிலோவை டின்னில் கலக்கினால் பாதியைப் பூசுமுன்னரே மீதி டின்னுக்குள் கட்டியாகிப் புகைவிடும். அரைக் கிலோவாக, அகன்ற தட்டில் கலக்குங்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் நிறுத்துங்கள். இன்னொன்று: இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட்டைத் தனியாக வாங்கியிருந்தால் அதை ஹார்ட்னரோடு நேரடியாகச் சேர்க்கவே கூடாது, வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்ட்னர்.

இத்தனையும் ஓர் ஓட்டைக்கு. எஞ்சின் பூட்டும் பின்பலகையை யாரும் முதல்நாள் பட்டியலில் எழுதுவதில்லை. திருப்புளிப் பிடியால் அதைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் சத்தம் கணீரென்று கேட்கும், கெட்ட இடத்தில் மொத்தென்று விழும். போல்ட் ஓட்டைகளைச் சுற்றி முதலில் தட்டுங்கள், தண்ணீர் நுழைவது அவற்றின் வழியாகத்தான். வெளியே பைபர் பளபளப்பாக இருக்கும், உள்ளே பிளைவூட் ஊறிய தேங்காய்த்தும்பு மாதிரிக் கறுத்துப் பிய்ந்துவரும். ஊறிய பலகையை வெயிலில் காயவைத்துச் சமாளிக்கலாம் என்று மாதக்கணக்கில் பார்த்திருப்பவர்கள் உண்டு. வெட்டி எடுத்துப் புதிது வையுங்கள், அதுதான் குறுக்குவழி. சுற்றியுள்ள இடம் காய்ந்துவிட்டதா என்று அறியத் தெளிவான பொலித்தீன் துண்டொன்றை நாலு பக்கமும் இறுக்கமாக ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கத்தில் நீர்ப்பொட்டு அரும்பியிருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

தட்டிப் பார்க்காமல் போட்ட பட்டியலோடு கடைக்குப் போகாதீர்கள். ரெசினும் பாயும் முல்லைத்தீவிலேயே வாங்கலாம். சரியான நீளத்தில் துருப்பிடிக்காத போல்ட் நான்கு தேடித்தான் வவுனியாவுக்குப் பஸ் ஏற வேண்டிவரும், அன்றைய நாள் அதோடு போய்விடும். ரெசினைக் கடைசியாக வாங்குங்கள். தகரக் கொட்டில் சூட்டில் சில மாதம் இருந்தாலே தடித்துவிடும்.

பிறகு உதவிக்கு வருகிறேன் என்ற மச்சான். அவர் அதிகாலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போய், விடிந்த பிறகு வலையில் மீன் கழற்றி, பத்து மணிக்குச் சாப்பிட்டுப் படுப்பவர். நீங்கள் ரெசின் பூசும் நேரம் அவருக்குத் தோதான நேரமே இல்லை. அவரை நம்பாமல், படகைப் புரட்டும் நாளுக்கு மட்டும் ஆறு பேரைச் சொல்லிவையுங்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் வரும் கிழமையை வேலைநாளாகக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

2022இல் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது ஓட முடியாத படகுகளால் என் மரத்தடி நிரம்பியது. சும்மா இருக்கும் காலத்தில் திருத்துவோம் என்று தொடங்கியவர்கள், ஓட்டையோடு நிற்காமல் ஆசனப்பலகை, விளிம்பு, வர்ணம் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினார்கள். எனக்கு இதில் இரக்கமே கிடையாது. ஒன்றை மூடிய பிறகு அடுத்ததைத் திறவுங்கள். பாதியில் கடல் கூப்பிட்டால் இறக்குவதற்குப் படகு படகாக இருக்க வேண்டும்.

நாள் கணக்குப் போடும்போது கொப்பித் தாளை நடுவில் கோடிட்டு, இடப்பக்கம் வேலையையும் வலப்பக்கம் அதற்குப் பிறகு வரும் காத்திருப்பையும் எழுதுங்கள். அரைப்பது அரை நாள், உலர்வது ஒரு கிழமை. அடுக்குப் போடுவது ஒரு காலை, எஞ்சின் பாரம் ஏற்றுமுன் இறுகுவது இன்னொரு கிழமை. வலப்பக்கத்தை மட்டும் கூட்டினாலே உங்கள் ஒரு கிழமை என்ன ஆகும் என்று தெரிந்துவிடும்.

முடிந்ததும் நேரே பெருங்கடலில் இறக்காதீர்கள். கடல்நீரேரியான நந்திக்கடலில் ஆழமில்லாத இடத்தில் மண்மூட்டை ஏற்றி மிதக்கவிட்டு, உள்ளே நீர் கசிகிறதா என்று ஒரு பகல் பாருங்கள். படகின் முன்பக்கமான அணியத்தில் அரைத்து அழித்த பதிவு இலக்கத்தை மறுபடி எழுதாமல் கடலுக்குப் போக முடியாது. எழுத்து எழுதுபவருக்கு இன்றைக்கே சொல்லிவையுங்கள், அவரும் "நாளைக்கு வருகிறேன்" என்றுதான் சொல்வார்.