"12 மைல் தானே" என்று பாஸ்ட்ராப் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

டெக்சஸின் ஆஸ்டினில் சைக்கிள் ஓட்டும் நம் ஆட்களிடம் பாஸ்ட்ராப் போகலாமா என்று கேட்டுப் பாருங்கள். மேப்பை ஒரு தடவை பார்த்துவிட்டு, "12 மைல் தானே, போய்ட்டு வந்தா 24, பத்து மணிக்கெல்லாம் வீட்ல இருக்கலாம்" என்பார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். அன்று மதியம் ஒரு மணிக்கு இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டு, காலியான பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, நண்பன் கார் எடுத்து வரும்வரை ஒரு ஓக் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ஆகவே இதில் வரும் தவறுகளில் பாதி நான் செய்தவை, மீதி கூட வந்தவர்கள் செய்தவை.

இடத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு அறிமுகம். ஆஸ்டினிலிருந்து தென்கிழக்கே சுமார் 30 மைலில் பாஸ்ட்ராப் மாநிலப் பூங்கா இருக்கிறது. அங்கிருந்து ஸ்மித்வில் பக்கத்தில் இருக்கும் இன்னொரு மாநிலப் பூங்காவுக்குக் காட்டுக்குள்ளேயே ஒரு குறுகலான சாலை போகும், பார்க் ரோடு 1சி என்று பெயர். பாஸ்ட்ராப் வரை காரில் போய், அங்கிருந்து சைக்கிளில் ஓட்டும் இந்தச் சாலைதான் அந்த 12 மைல். அந்த இரண்டாவது பூங்காவின் பெயரை, Buescher என்ற எழுத்தைப் பார்த்துப் ப்யூஷர் என்று சொல்லாதீர்கள், உள்ளூரில் அது பிஷர். இந்தக் காட்டை லாஸ்ட் பைன்ஸ் என்கிறார்கள். கிழக்கு டெக்சஸின் பெரிய பைன் காட்டிலிருந்து ஏறக்குறைய 100 மைல் மேற்கே தனியாகப் பிரிந்து நிற்கும் லாப்லாலி பைன்கள், அதனால் அந்தப் பெயர்.

டெக்சஸ் என்றால் தட்டை என்று ஒரு நினைப்பு நம் எல்லோருக்கும் உண்டு. இங்கே அது செல்லாது. பூங்காக்களையும் இந்தச் சாலையையும் 1930-களில், பொருளாதார மந்தக் காலத்தில், சி.சி.சி. என்ற அரசுத் திட்டத்தில் வேலைக்கு வந்த இளைஞர்கள் அமைத்தார்கள். மேட்டை வெட்டிச் சமன் செய்யாமல் நிலம் எப்படிப் புரள்கிறதோ அப்படியே சாலையையும் புரள விட்டிருக்கிறார்கள். காரில் போனால் அழகு. சைக்கிளில் போனால் ஒவ்வொரு புரளலுக்கும் நம் கால்தான் கூலி கொடுக்க வேண்டும். பெரிய மலை ஒன்றுகூட கிடையாது, எல்லாம் குட்டையான, செங்குத்தான மேடுகள், ஒன்று முடிந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது. 12 மைல் என்ற எண் இதைச் சொல்லவே சொல்லாது.

முதல் தவறும் முக்கியமான தவறும் கியரில்தான். இறக்கத்தில் வேகமாக வருகிறோம், அந்த வேகத்திலேயே எதிர் மேட்டில் பாதியாவது ஏறிவிடலாம் என்று முன்னால் பெரிய சக்கரத்திலேயே விட்டுவிடுகிறோம். ஆனால் அடியில் பல இடங்களில் ஒரு வளைவு இருக்கும், அங்கே பிரேக் பிடித்தாக வேண்டும், வந்த வேகம் அதோடு போச்சு. வளைவு திரும்பியதும் எதிரே சுவர் மாதிரி ரோடு நிற்கும். நாலு மிதி மிதித்ததும் கால் கனக்கும், அப்போது பதறிப்போய் முழு பலத்தோடு மிதித்துக்கொண்டே முன் கியரைச் சின்னதுக்குத் தள்ளுவோம். செயின் கழன்று கிராங்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் போய்ச் சிக்கிக்கொள்ளும், கால் திடீரென்று நிற்கும், ஷூவோ பெடலில் பூட்டியபடியே இருக்கும், அப்படியே சாமான் மூட்டை சரிவதுபோல மெதுவாகப் பக்கவாட்டில் விழ வேண்டியதுதான். எனக்கு அடி பெரிதாக ஒன்றுமில்லை. விரலெல்லாம் கருப்பு எண்ணெய், பின்னால் வந்த ஒரு பாட்டி நிறுத்தி "ஆர் யூ ஓகே ஹனி" என்று கேட்டுவிட்டு அதே மேட்டில் சிரமமில்லாமல் ஏறிப் போனார். வலித்தது அதுதான்.

செய்ய வேண்டியது சின்ன விஷயம். இறக்கம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே, கால் லேசாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, முன் கியரைச் சின்னதுக்கு மாற்றிவிடுங்கள். அந்த நேரத்தில் கால் வெறுமனே ஓடாமல் இருக்கப் பின்னால் ஒன்றிரண்டு பல் சக்கரம் இறுக்கமான பக்கம் வைத்துக்கொண்டு, மேடு தொடங்கியதும் ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். பின்னால் 25, 28 பல் வரைதான் இருக்கிற கேசட்டோடு (பின் சக்கரத்துப் பல் சக்கர அடுக்கு) வந்துவிட்டு முட்டி வலிக்கிறது என்று புலம்புகிறவர்கள் நிறைய பேர். முன்னால் 34, பின்னால் 32 அல்லது 34 இருந்தால் உட்கார்ந்தபடியே ஏறலாம். இதில் மானப் பிரச்சினை ஒன்றும் இல்லை.

முதல் மூன்று மேடுகளை வீரமாக எழுந்து நின்று மிதிப்பதும் இதே வகைதான். காலை நேரம், குளிர்ந்த காற்று, பைன் வாசனை, கூட நாலு பேர், உற்சாகம் வரத்தான் செய்யும். எட்டாவது மைலில் அந்தக் கடன் வட்டியோடு வரும். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் முதல் அரை மணி நேரத்தைப் போக்குங்கள், யாராவது முந்தினால் போகட்டும், பிஷரில் பிடித்துக்கொள்ளலாம்.

அப்புறம் இறக்கம். பைன் மரம் உதிர்க்கும் ஊசி இலைகள் சாலை ஓரத்திலும் வளைவின் உள்பக்கத்திலும் பழுப்புப் பாய் விரித்த மாதிரி கிடக்கும். காய்ந்திருந்தாலே டயருக்கும் தாருக்கும் நடுவில் உருளும், மழை பெய்து நனைந்திருந்தால் சோப்புத் தண்ணீர்தான். நடுநடுவே பைன் காய்கள் வேறு, முன் சக்கரம் அதன்மேல் ஏறினால் ஹேண்டில் ஒரு வெட்டு வெட்டும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பயந்து பிரேக்கை அமுக்குவதுதான் இங்கே பெரும்பாலானவர்கள் செய்வது. சாய்ந்திருக்கும் சக்கரம் பிரேக் பட்டதும் பிடி விட்டுவிடும். நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, வெளிக்கால் பெடலைக் கீழே அழுத்தி, ஊசி கிடக்காத தடத்தில் திரும்புங்கள். கார்களின் டயர் ஓடி ஓடிச் சுத்தமான தடம் ஒன்று எப்போதும் இருக்கும். அதற்காக எதிர்ப்பக்கத்துத் தடத்துக்குள் போகிறவர்களும் உண்டு. குறுகலான ரோடு, வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாது, தயவுசெய்து வேண்டாம்.

கருப்புக் கண்ணாடி போட்டு வருவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மர நிழலும் வெயிலும் சல்லடை மாதிரி ரோட்டில் விழும்போது குழியும் நிழலும் ஒன்றுபோலவே தெரியும். லேசான நிறக் கண்ணாடி போதும். டயரில் காற்றைக் கல் மாதிரி ஏற்றுகிற பழக்கத்தையும் விட்டுவிடலாம், பழைய தார், ஒட்டுப்போட்ட ரோடு, 28 மி.மீ. டயரில் 70 பி.எஸ்.ஐ. பக்கம் வைத்தால் முதுகு வாழ்த்தும். உங்கள் எடைக்கு ஏற்ப இதில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்.

பைன் காடு என்றதும் முழுக்க நிழல் என்று நினைத்து வருவது அடுத்த ஏமாற்றம். 2011 செப்டம்பர் 4 அன்று, கடுமையான வறட்சிக்கு நடுவே பலத்த காற்றில் மரங்கள் மின்கம்பிகள்மேல் சாய்ந்து பிடித்த தீயில் சுமார் 34,000 ஏக்கர் எரிந்தது. 1,600-க்கும் மேற்பட்ட வீடுகள் போயின, இரண்டு பேர் இறந்தார்கள், பாஸ்ட்ராப் பூங்காவில் மட்டும் நூற்றுக்கு 96 பங்கு நிலத்தைத் தீ தொட்டது. 2015 மே மாத வெள்ளத்தில் பூங்காவின் ஏரிக்கரை உடைந்தது, அதே வருடம் அக்டோபரில் பிஷர் பக்கம் இன்னொரு தீ. நட்ட கன்றுகளும் தானாக முளைத்தவையும் இப்போது வளர்ந்துகொண்டிருக்கின்றன, பச்சைக்கு நடுவே கரிந்த மரங்களும் நிற்கின்றன, பார்க்க மனது என்னவோ செய்யும். ஆனால் நிழல் தரும் உயரம் வராத இடங்கள் நிறைய. பழைய படங்களைப் பார்த்துவிட்டு ஆகஸ்டில் காலை பத்து மணிக்குக் கிளம்பினால் 38 டிகிரி வெயிலில் மொட்டை ரோட்டில் ஏறிக்கொண்டிருப்பீர்கள். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். கோடையில்தான் வருவேன் என்றால் பூங்கா கதவு திறந்ததும் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள். பலத்த காற்று அடிக்கிற நாளில் கரிந்த மரங்களுக்கு அடியில் நின்று போட்டோ எடுக்க வேண்டாம், அவை சொல்லிக்கொண்டு விழுவதில்லை.

தண்ணீரைப் பற்றிச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் ஒரே பாட்டிலோடு வருகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் ஒருவராவது இருக்கிறார்கள். இரண்டு பூங்காவுக்கும் நடுவில் கடையை எதிர்பார்க்காதீர்கள். இரண்டு பாட்டில், ஒன்றில் உப்பும் சர்க்கரையும் கலந்தது. பசித்த பிறகு சாப்பிடலாம் என்றால் அதற்குள் கை நடுங்கும், முக்கால் மணிக்கு ஒரு தடவை ஒரு வாழைப்பழமோ நாலு பேரீச்சையோ உள்ளே போகட்டும். கடலை மிட்டாயும் நன்றாக வேலை செய்யும், மேட்டில் மெல்லும்போது மட்டும் மூச்சுத் திணறும்.

பஞ்சர் ஆனால் உடனே பக்கத்துப் புல்லில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்காருவோம் இல்லையா, அங்கே ஒரு நிமிடம் பொறுங்கள். புல்லுக்குள் சின்ன மண் குவியல் இருக்கிறதா என்று பாருங்கள். நெருப்பெறும்புக் கூடு அது. கால் வைத்ததும் கடிக்காது, சத்தமில்லாமல் சாக்ஸ்வரை ஏறிவிட்டு எல்லாம் சேர்ந்தாற்போல் கொட்டும், மறுநாள் வெள்ளைக் கொப்புளமாக நிற்கும். என் நண்பன் ட்யூபைக் கையில் வைத்துக்கொண்டு நடுரோட்டில் ஆடிய ஆட்டத்தை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. பஞ்சரான காரணத்தையும் தேடுங்கள், முள்ளை எடுக்காமல் புது ட்யூப் போட்டால் இரண்டு நிமிடத்தில் அதுவும் போகும். டெக்சஸ்காரர்கள் கோட்ஹெட் என்று திட்டிக்கொண்டே பிடுங்குகிற முள் வேறொன்றுமில்லை, நம்மூர் நெருஞ்சிதான், அதே செடி. கடல் தாண்டி வந்தும் விடவில்லை.

காற்றைப் பார்க்காமல் வருவதும் ஒரு தவறு. இங்கே வசந்தத்திலும் கோடையிலும் பெரும்பாலும் கடல் பக்கமிருந்து, அதாவது தெற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ காற்று வரும். பாஸ்ட்ராப்பில் தொடங்கினால் போகும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது தள்ளிவிடும், அது நல்லது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும் நாளில் இது தலைகீழ். பறந்து போய் பிஷரைத் தொட்டுவிட்டு, "நான் நல்ல ஃபார்மில் இருக்கேன்" என்று நினைத்துக்கொண்டு திரும்பினால் முகத்தில் அறையும். அந்த நாளில் பிஷரில் காரை நிறுத்திவிட்டு அங்கிருந்து தொடங்குங்கள்.

களைத்துப்போனவர்களுக்கு வரும் விபரீத யோசனை ஒன்று உண்டு: மேடு வேண்டாம், 71-ஆம் நெடுஞ்சாலை வழியாக நேராகப் போய்விடலாம். பெரிய லாரிகள் ஓடும் ரோடு, ஓரத்தில் வெடித்த லாரி டயரின் மெல்லிய கம்பிகள் கிடக்கும், கண்ணுக்கே தெரியாது, ட்யூபுக்குத் தெரியும். நடந்தாவது காட்டுச் சாலையிலேயே திரும்புவதுதான் என் கட்சி. காட்டுச் சாலையிலும் கார் வராது என்று நினைத்துவிடாதீர்கள். பிஷர் பக்கத்தில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையின் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் இதே சாலையில்தான் இருக்கிறது, வேலை நாட்களில் அங்கே போகிறவர்கள் வருவார்கள். இரண்டு பேர் அருகருகே பேசிக்கொண்டு ஓட்டுவதைப் பின்னால் சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள். பின் விளக்கைப் பகலிலும் எரிய விடுங்கள், நிழலுக்குள் நுழைந்த சைக்கிள் வெயிலில் வரும் டிரைவருக்குத் தெரியாது.

வார இறுதியில் பூங்கா நிரம்பிவிட்டால் உள்ளே விடமாட்டார்கள், நுழைவுச் சீட்டை ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள். காட்டுக்குள் கட்டுப்படுத்தப்பட்ட தீ வைக்கும் நாட்களில் சில பகுதிகளை மூடவும் செய்வார்கள், கிளம்பும்முன் பூங்காவின் பக்கத்தை ஒரு தடவை பார்த்தால் போதும். இருட்டியபின் ஓட்ட வேண்டாம். மான் குறுக்கே பாயும் என்பது ஒன்று. 1970-இலிருந்தே அழியும் நிலைப் பட்டியலில் இருக்கும் ஹூஸ்டன் தேரைக்கு இந்த மணற்காடு முக்கியமான வீடு, வசந்த கால மழை இரவில் அது ரோட்டில் வந்து உட்கார்ந்திருக்கலாம், அது இன்னொன்று.

கடைசியாக, பிஷரில் ரொம்ப நேரம் உட்கார்ந்துவிடாதீர்கள். ஏரி இருக்கிறது, ஓக் நிழல் இருக்கிறது, ஷூவைக் கழற்றி யாராவது புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டால் அரை மணி நேரம் போனதே தெரியாது. கால் அதற்குள் இறுகிவிடும், வயிறு வேறு நிறைந்திருக்கும், இன்னும் 12 மைல் மேடு அப்படியே காத்திருக்கும். தண்ணீரை நிரப்புங்கள், பாதிப் பொட்டலம் சாப்பிடுங்கள், 10 நிமிடத்தில் ஏறி உட்காருங்கள், முதல் மேட்டை லேசான கியரில் ஏறுங்கள். மீதிப் புளியோதரை பாஸ்ட்ராப்பில், காரின் டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு.