மார்கழிக் காற்றை நம்பி ஓடாதீர்கள்: சென்னையின் குளிர்காலச் சாலைப் பந்தயங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை எங்கள் ஓட்டக் குழு பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து நேப்பியர் பாலம் வரை சென்று திரும்பும் 18 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் புறப்பட்டது. குழுவில் சேர்ந்து நான்கு மாதமே ஆன மூன்று பேர் முதல் கிலோமீட்டரிலேயே எங்களைத் தாண்டிப் போனார்கள். "நல்லா குளிருது சார், இந்த மாதிரி நாள் கிடைக்காது" என்று அவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார். திரும்பி வருகையில், அடையாற்றின் திரு.வி.க. பாலத்தைக் கடந்ததும், அவர் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கால்சட்டையின் விளிம்பிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. காலணியைக் கழற்றிக் கவிழ்த்தபோது உள்ளிருந்து தண்ணீர் வழிந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய அதே இடத்தில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன் என்பதால், அவரிடம் சொன்னதையே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

புதுக் காலணியோடு பந்தயத்துக்கு வரக்கூடாது, முந்தைய இரவு புதிதாக எதையும் சாப்பிட்டுப் பார்க்கக்கூடாது என்பவையெல்லாம் இன்று எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

குளிர்கிறது என்று நினைத்து வேகமாகத் தொடங்குவது

இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த தவறுகளில் அதிக விலை கொடுக்க வைப்பது இதுதான். இதைப் பற்றிப் பேசினால் இன்றும் எனக்கு ஆற்றாமையே மிஞ்சுகிறது. ஜூலை மாதம் முதல் வாரத்துக்கு நான்கு நாள், விடியுமுன் எழுந்து, மே மாத வெயிலின் மிச்சத்திலும் ஐப்பசி மழையிலும் ஓடி உருவாக்கிய உடல்தகுதியை, ஜனவரியில் ஒரு ஞாயிறு காலை முதல் நாற்பது நிமிடங்களில் வீணடித்துவிட்டு, பிறகு பயிற்சி போதவில்லை, சாப்பாடு சரியில்லை, காலணி சரியில்லை என்று வேறு எங்கெங்கோ காரணம் தேடுகிறார்கள்.

நடப்பது இதுதான். மார்கழி, தை மாதங்களில் சென்னையின் அதிகாலை வெப்பநிலை 20 முதல் 22 டிகிரி வரை இறங்குகிறது. ஆண்டு முழுவதும் 27, 28 டிகிரியில் ஓடிப் பழகியவருக்கு, தொடக்கக் கோட்டில் நிற்கும்போது அது குளிராகவே தெரியும். கைகளைத் தேய்த்துக்கொள்வார், கடற்காற்று முகத்தில் படும்போது சிலிர்ப்பார். ஆனால் அந்தக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதை நின்றுகொண்டிருக்கும் உடம்பு சொல்வதில்லை. ஓடத் தொடங்கி அரை மணி நேரம் கழித்துத்தான் சொல்லும்.

ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் நம்மை முன்னால் நகர்த்துகிறது. மற்றதெல்லாம் வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற உடம்புக்கு உள்ள முக்கியமான வழி வியர்வை. வியர்வை சுரப்பதால் உடல் குளிர்வதில்லை, அது தோலிலிருந்து ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டும் வியர்வையால் பயன் இல்லை. இதை அளக்க ஈரப்பத விழுக்காட்டைவிடப் பனிப்புள்ளி என்ற அளவு உதவும். காற்றை எந்த வெப்பநிலைக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள ஈரம் பனித்துளியாகப் படியத் தொடங்குமோ அதுவே பனிப்புள்ளி. சென்னையில் 22 டிகிரியும் 95 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஜனவரிக் காலையில் பனிப்புள்ளி ஏறக்குறைய 21 டிகிரி. பெங்களூரில் 16 டிகிரியும் 85 விழுக்காடும் உள்ள டிசம்பர்க் காலையில் அது 13, 14 டிகிரிதான் இருக்கும். இரண்டு ஊர்களிலும் ஈரப்பத விழுக்காடு அதிகமே. ஆனால் அங்கே வியர்வை காய்கிறது, இங்கே காலணிக்குள் இறங்குகிறது. பெங்களூரில் ஓடிய நேரத்தை வைத்துச் சென்னையில் இலக்கு நிர்ணயிப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை.

வெப்பம் வெளியேறாதபோது உடம்பு தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்புகிறது. வியர்வையில் தண்ணீர் போகப் போக இரத்தத்தின் அளவும் குறைகிறது. ஆகவே அதே வேகத்தில் ஓடினாலும் இதயம் மேலும் மேலும் வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. கால்கள் ஓடத் தயாராக இருக்கும்போதே மூச்சும் துடிப்பும் எல்லையைத் தொட்டுவிடுகின்றன.

எனக்கு நேர்ந்ததை எண்களோடு சொல்கிறேன். என் இரண்டாவது அரை மாரத்தானில் (ஏறக்குறைய 21 கிலோமீட்டர்) 1 மணி 50 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தேன். அதற்குக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 12 விநாடி போதும். "முன்பாதியில் கொஞ்சம் நேரத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்பாதியில் கை கொடுக்கும்" என்று ஒருவர் சொன்ன அறிவுரையை நம்பி, முதல் 10 கிலோமீட்டரை 51 நிமிடத்தில் ஓடினேன். எளிதாகத்தான் இருந்தது. 3ஆம் கிலோமீட்டரில் நிமிடத்துக்கு 158 ஆக இருந்த நாடித்துடிப்பு, அதே வேகத்தில் 10ஆம் கிலோமீட்டரில் 176 ஆகியிருந்தது. கைக்கடிகாரம் கண்ணெதிரே காட்டியும் நான் பொருட்படுத்தவில்லை. ஆறரை மணிக்குச் சூரியன் எழுந்து முகத்துக்கு நேரே வந்தபோது உடம்பில் மிச்சம் எதுவும் இல்லை. 16ஆம் கிலோமீட்டரிலிருந்து நடப்பதும் ஓடுவதுமாகச் சென்று 2 மணி 4 நிமிடத்தில் முடித்தேன். முன்பாதியில் நான் சேமித்தது ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம், பின்பாதியில் இழந்தது 15 நிமிடம்.

அடுத்த ஜனவரியில் முதல் 5 கிலோமீட்டரை வேண்டுமென்றே 5 நிமிடம் 35 விநாடி வேகத்தில் ஓடினேன். என்னைவிடப் பயிற்சி குறைந்தவர்கள் என்று எனக்குத் தெரிந்தவர்களெல்லாம் சாந்தோம் வழியே என்னைக் கடந்து போனார்கள், அதைப் பொறுத்துக்கொள்வதுதான் கடினமாக இருந்தது. 13ஆம் கிலோமீட்டரிலிருந்து அவர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, 1 மணி 54 நிமிடத்தில் முடித்தேன். அந்த ஆண்டு என் பயிற்சி முந்தைய ஆண்டைவிடக் குறைவு.

இப்போது நான் பின்பற்றும் முறை எளியது. முந்தைய இரவு கைப்பேசியில் மறுநாள் காலையின் பனிப்புள்ளியைப் பார்ப்பேன். அது 20க்கு மேல் இருந்தால், இலக்கு வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 15 முதல் 20 விநாடி மெதுவாகத் தொடங்குவேன். 5ஆம் கிலோமீட்டரில் பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பேன். முடியாவிட்டால், கடிகாரம் என்ன காட்டினாலும் இன்னும் மெதுவாகப் போவேன். தொடக்கத்தில் குளிரடிக்கிறது என்பதற்காக நீண்ட நேரம் குதித்துக் குதித்து உடலைச் சூடேற்றுவதையும் விட்டுவிட்டேன். மெதுவாக ஓடும் முதல் 2 கிலோமீட்டரே அதற்குப் போதும்.

வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே ஓடுவது

மேலே சொன்னதைக் கேட்டவர்கள் அடுத்துச் செய்யும் தவறு இது. நிறைய வியர்க்கிறது என்பதால் ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் இரண்டு கோப்பை குடிக்கிறார்கள். வியர்வையோடு உப்பும் போகிறது. தண்ணீர் மட்டும் திரும்பி வந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரை ஆராய்ந்தபோது, அவர்களில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் அளவு இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடுமளவுக்குத் தண்ணீர் குடித்தவர்களிடமே அது பெரிதும் காணப்பட்டது. மெதுவாக, நீண்ட நேரம் ஓடுபவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். தாகம் எடுத்தால் குடியுங்கள், நீண்ட ஓட்டத்தில் உப்பும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்குபவர்கள் அதன்மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்க வேண்டும். 20.5 கிராம் பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதை முழுவதும் 250 மில்லிலிட்டர் குப்பியில் கொட்டிக் கரைத்து, 8ஆம் கிலோமீட்டரில் குடித்து, 9ஆம் கிலோமீட்டரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களை எங்கள் குழுவிலேயே பார்த்திருக்கிறேன்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது

வேண்டாம்; தண்ணீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தைத் தாக்கும்.

மழையில் போன வாரங்களை ஈடுகட்டப் பார்ப்பது

வடகிழக்குப் பருவமழைக்கும் ஜனவரிப் பந்தயங்களுக்கும் இடையே நமக்குக் கிடைப்பது மிகச் சில வாரங்கள்தான். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன, வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் இருந்த எங்கள் ஓட்டக்காரர்கள் வீட்டைச் சுத்தம் செய்யவே இரண்டு வாரம் ஆனது. அதன் பிறகு, தவறிப்போன நீண்ட ஓட்டங்களையெல்லாம் அடுத்தடுத்த ஞாயிறுகளில் 24, 28, 30 கிலோமீட்டர் என்று ஓடி முடித்தவர்களில் இருவர் முழங்கால் கட்டோடு பந்தயத்தை வேடிக்கை பார்க்க வந்தார்கள். பந்தயத்துக்கு மூன்று வாரத்துக்குள் ஓடும் நீண்ட ஓட்டம் அந்தப் பந்தயத்துக்குச் சோர்வை மட்டுமே தரும். விடுபட்டது விடுபட்டதுதான். முழு மாரத்தானுக்குப் பதிவு செய்திருந்தால் அரை மாரத்தானுக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். முடியாவிட்டால் இலக்கு நேரத்தைத் தளர்த்துங்கள்.

காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் ஓடுவது

மழைக்குப் பின் வரும் வைரஸ் காய்ச்சலும் டெங்குவும் இந்தப் பருவத்தோடு கூடவே வருபவை. மூக்கு ஒழுகுவதோடு நின்றால் மெதுவாக ஓடலாம். காய்ச்சல், நெஞ்சுச் சளி, உடம்பு முழுவதும் வலி இவற்றில் எது இருந்தாலும் ஓடக்கூடாது, ஏனெனில் சில வைரஸ்கள் இதயத் தசையிலும் அழற்சியை உண்டாக்கும், அந்த நிலையில் கடுமையாக ஓடுவது உயிருக்கே ஆபத்து. கட்டிய பணம் வீணாகிறதே என்று ஒருமுறை நானும் ஓடியிருக்கிறேன். அன்று பிழைத்தது நான் சரியாக முடிவெடுத்ததால் அல்ல. காய்ச்சல் நின்ற பிறகு முழுதாக ஒரு வாரம், அதன் பின் மருத்துவரின் சொல் என்பதை இப்போது மாற்றுவதில்லை.

பந்தயப் பாதையின் நீளத்தைப் பற்றிச் சண்டை போடுவது

அரை மாரத்தான் 21.0975 கிலோமீட்டர். முடிக்கும்போது உங்கள் கடிகாரம் 21.3 அல்லது 21.4 காட்டினால் பாதையைத் தவறாக அளந்துவிட்டார்கள் என்று பொருளல்ல. முறைப்படி அளக்கப்படும் பாதையில், வளைவுகளை எவ்வளவு நெருக்கமாக எடுக்க முடியுமோ அந்தக் குறுகிய வழியைத்தான் அளப்பார்கள். பாதை குறைந்துவிடக்கூடாது என்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டியும் வைப்பார்கள். சாலையின் நடுவில் ஓடி, பிறரைச் சுற்றிக் கடந்து, தண்ணீர்ப் பந்தலுக்கு ஒதுங்கிப் போகும் நீங்கள் அதைவிட அதிகமாகத்தான் ஓடுவீர்கள். கடிகாரம் காட்டும் வேகத்தை வைத்து இலக்கைக் கணக்கிட்டவர்கள் கடைசி 300 மீட்டரில் ஏமாறுவது இதனால்தான். இலக்கைக் கணக்கிடும்போதே 21.4 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்ப் பந்தலின் முதல் மேசையில் நிற்பது

கடைசி மேசைக்குப் போங்கள், பின்னால் வருபவர் உங்கள்மேல் மோத மாட்டார்.

இன்னொருவரின் பிப்பை (மார்பில் குத்திக்கொள்ளும் பந்தய எண் அட்டையை) மாட்டிக்கொண்டு ஓடுவது

அலுவலகத்தில் வேலை வந்துவிட்டது, நீங்கள் ஓடுங்கள் என்று நண்பர் தன் பிப்பைக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. பிப்பின் பின்புறம் பெயர், இரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றுக்கு இடம் விட்டிருப்பார்கள். சொந்த பிப்பில்கூட அதை நிரப்பாதவர்கள் அதிகம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரிப் பந்தயத்தின் 19ஆம் கிலோமீட்டரில், எனக்குச் சற்று முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர் தள்ளாடி விழுந்தார். நாங்கள் மூன்று பேர் அவரை நிழலுக்குத் தூக்கிச் சென்றோம். முதலுதவிக் குழுவினர் பிப்பின் எண்ணை வைத்துப் பதிவேட்டிலிருந்து பெயரைக் கண்டுபிடித்து, வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார்கள். மறுமுனையில் எடுத்த பெண் முதலில் அலறிவிட்டு, பிறகு குழம்பி, தன் கணவர் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அவரை எழுப்பி, பிப்பை யாரிடம் கொடுத்தார் என்று கேட்டு, அந்த நண்பரின் வீட்டு எண்ணைத் தேடிப் பிடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. விழுந்தவருக்கு நீரிழிவு இருந்ததும், அவர் காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.